குரூப் 4 புத்தகத்தைத் திறக்கவே மனசு வரவில்லையா? இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்

முதல் வருடம் தமிழ்நாடு அரசு வேலைகளுக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தபோது இருந்த வேகம் உங்களுக்கே நினைவிருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமச்சீர் புத்தகம் எல்லாம் வாங்கி அடுக்கி, கலர் பேனாவில் கோடு போட்டு, விடியற்காலையில் எழுந்து படித்தீர்கள். இப்போது இரண்டாவது வருடமோ மூன்றாவது வருடமோ ஆகிவிட்டது, பத்து மணிக்குத் திறந்த பக்கம் பதினொன்றுக்கும் அப்படியே இருக்கிறது, கண் வரியில் ஓடுகிறது, மண்டையில் எதுவும் ஏறவில்லை. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள், நீங்களும் அதை நம்பத் தொடங்கிவிட்டீர்கள்.

நம்பாதீர்கள். மாலை நேரத்தில் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன், இப்படிச் சோர்ந்து போகிறவர்களில் பெரும்பாலானோர் மற்றவர்களைவிட அதிகமாக உழைத்தவர்கள்தான். உழைப்புக்கும் பலனுக்கும் நடுவில் இருக்கிற தூரம் அவர்களைக் களைக்க வைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தத் தூரம் எவ்வளவு என்று பாருங்கள். 2019 செப்டம்பர் 1 அன்று குரூப் 4 நடந்தது. அதற்கு அடுத்தது கொரோனாவால் தள்ளிப்போய் 2022 ஜூலை 24 அன்றுதான் நடந்தது. அதன் முடிவு வந்தது 2023 மார்ச் 24, எட்டு மாதம் கழித்து. 2024-ல் முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அதாவது தினமும் எட்டு மணி நேரம் படிக்கிற ஒருவருக்கு, அவர் படித்தது சரியா தப்பா என்ற பதில் வருடத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கிறது, சில வருடம் அதுவும் இல்லை. கிடைக்கிற பதிலும் 'கட் ஆஃப் தாண்டவில்லை' என்ற ஒரே வரி. இப்படி இருந்தால் யாருக்கு மனசு நிற்கும்?

இதைப் பற்றி உளவியலில் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் நாய்களை வைத்துச் செய்த சோதனை. இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள், கொடுமையானதுதான். என்ன செய்தாலும் நிற்காத மின் அதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பெரும்பாலானவை, பிறகு ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற நிலைமை வந்தபோதும் தாண்டாமல் படுத்துக்கிடந்தன. அவற்றை மீட்கப் பலவற்றை முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் நாயைக் கயிற்றால் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் கொண்டுபோய்க் காட்டினார்கள். பல தடவை அப்படிச் செய்த பிறகு அவை தாமாகவே தாண்டத் தொடங்கின. ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், அதே இருவர் தங்கள் விளக்கத்தையே திருத்தி எழுதினார்கள். நீண்ட கஷ்டத்தில் முடங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை, அதை யாரும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை, 'நான் செய்தால் மாறும்' என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது என்றார்கள்.

நமக்கு வேண்டியது இதில் இருக்கிறது. ஊக்கம் வரட்டும், அப்புறம் படிக்கலாம் என்று காத்திருந்தால் அது வராது. செய்தால் மாறுகிறது என்பதை மூளைக்கு மறுபடி காட்ட வேண்டும், அதுவும் ஒரு வருடம் கழித்து இல்லை, இன்றைக்கே, அரை மணி நேரத்துக்குள்.

படிப்பைத் தொடுவதற்கு முன்னால்

உடம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரத்தச்சோகை, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, இந்த மூன்றுமே களைப்பாகவும் கவனச் சிதறலாகவும்தான் வெளியே தெரியும், குறிப்பாகப் பெண்களுக்கு. சாதாரண ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம், அரசு மருத்துவமனையிலேயே கேளுங்கள். இதைச் செய்யாமல் மனசைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. ராத்திரி ஒன்றரை வரைக்கும் போன், காலையில் ஐந்து மணிக்கு அலாரம் என்று இருந்தாலும் அப்படித்தான், மூன்றரை மணி நேரத் தூக்கத்தில் எந்த மூளையும் சங்க இலக்கியத்தை வாங்கிக்கொள்ளாது.

இன்னொன்று. படிப்பு மட்டும் இல்லை, பிடித்த சாப்பாடு, கிரிக்கெட், நண்பர்கள், எதுவுமே பிடிக்கவில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, நான் எதற்குமே லாயக்கில்லை என்ற எண்ணம் நாள் முழுக்க ஓடுகிறது, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச எண் 14416, இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் இரண்டு வாரமெல்லாம் பார்க்காதீர்கள், இப்போதே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள்.

புதிய டைம்டேபிள் போடாதீர்கள்

சோர்ந்து போனவர்கள் எல்லோரும் முதலில் செய்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு சார்ட் பேப்பரில் காலை ஐந்து முதல் இரவு பதினொன்று வரைக்கும் கட்டம் போட்டு, நாளையிலிருந்து புது ஆளாக மாறப்போவதாக முடிவு செய்வது. எழுதும்போது சுகமாக இருக்கும். புதன்கிழமை அது உடைந்துவிடும், உடைந்தவுடன் பழைய சோர்வோடு 'இதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை' என்பதும் சேர்ந்துகொள்ளும்.

அதற்குப் பதில் முதல் ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. எப்போது, எங்கே, எதை என்ற மூன்றையும் முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவையுங்கள். 'நாளை நிறையப் படிப்பேன்' என்று எழுதாதீர்கள். 'காலையில் டீ குடித்த டம்ளரை வைத்தவுடன், மாடியில், பத்துக் கணக்கு' என்று எழுதுங்கள். இப்படி 'இது நடந்தால் அடுத்தது இது' என்று முடிச்சுப் போட்டுவைப்பவர்கள் சொன்னதைச் செய்து முடிக்க வாய்ப்பு அதிகம் என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். காரணமும் எளிது, அந்த நேரத்தில் செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்க இடமே இல்லை. சோர்ந்திருக்கிறவர் தோற்றுப்போவது அந்த யோசனையில்தான்.

ஏன் கணக்கு? குரூப் 4-ல் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 பொதுத்தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. இருபத்தைந்துதானே என்று பலர் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் ஊக்கம் போனவருக்கு அதுதான் முதல் மருந்து என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் மற்ற பாடத்தில் ஒரு மணி நேரம் படித்தாலும் ஏறியதா இல்லையா என்று தெரியாது, கணக்கில் இரண்டு நிமிடத்தில் பதில் தெரிந்துவிடும். ஒரு தொகை தனிவட்டியில் 8 ஆண்டுகளில் இரண்டு மடங்காகிறது, வட்டி வீதம் என்ன? வட்டியும் அசலும் சமம், ஆகவே நூறை எட்டால் வகுத்தால் 12.5 சதவீதம். முடிந்தது. நேற்று வராத ஒன்று இன்று வந்தது என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. விழுக்காடு, தனிவட்டி, விகிதம், மீ.சி.ம., காலமும் வேலையும் என்று ஒரு வாரத்துக்கு ஒரு தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய வினாத்தாள்களில் வந்த கணக்குகளையே போடுங்கள்.

பத்துக் கணக்கு முடிந்ததும் நிறுத்திவிடலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். மனசு இருந்தால் தொடருங்கள். பெரும்பாலான நாட்களில் தொடருவீர்கள், ஆனால் அதை எதிர்பார்த்து உட்காராதீர்கள். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இருபது போட வேண்டாம், பத்தே போதும். விட்டதைச் சேர்த்துப் பிடிக்கிற கணக்குதான் பலரை மறுபடி படுக்க வைக்கிறது.

படிப்பதைக் குறையுங்கள், கேள்வி கேட்பதைக் கூட்டுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி, நிதானமாகப் படியுங்கள்.

மூன்றாவது தடவை அதே எட்டாம் வகுப்பு வரலாற்றைப் படிக்கும்போது போர் அடிப்பது உங்கள் தவறு இல்லை. எல்லாம் தெரிந்தது போலவே தோன்றும், தெரிந்ததை ஏன் படிக்க வேண்டும் என்று மூளை விலகிப்போகும். அப்புறம் டெஸ்ட் பேட்ச்சில் மாதிரித் தேர்வு எழுதினால் அதே பாடத்தில் பாதிக் கேள்வி தப்பாகும். இவ்வளவு படித்தும் இவ்வளவுதானா என்று மனசு உடைவது அங்கேதான். பார்த்தவுடன் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்ல முடிவது வேறு. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்குத் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை அதிகம் இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

ஆகவே முறையை மாற்றுங்கள். ஒரு பாடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, ஒரு வெள்ளைத் தாளில் ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். வேலூர்க் கலகம் என்றால் 1806 ஜூலை 10, புதிய தலைப்பாகை, கில்லஸ்பி, திப்புவின் பிள்ளைகள் என்று வருகிற வரிசையில் எழுதிக்கொண்டே போகலாம், அழகாக எழுத வேண்டியதில்லை. அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பில் சேருங்கள். முதல் தடவை சிவப்புதான் அதிகமாக இருக்கும். மூன்று நாள் கழித்து அதே பாடத்தை, வாசிக்காமலேயே, மறுபடி எழுதிப் பாருங்கள், சிவப்பு குறைந்திருக்கும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நான் முன்னால் சொன்ன தூரம் ஒரு வருடத்திலிருந்து மூன்று நாளாகக் குறைந்துவிட்டது. ஆட்கள் திரும்ப உட்கார ஆரம்பிப்பதை இந்த இடத்தில்தான் நான் பார்த்திருக்கிறேன், எந்த உபதேசத்திலும் பார்த்ததில்லை.

வாரத்துக்கு ஒருநாள் பழைய வினாத்தாள் ஒன்றை ஓஎம்ஆர் தாள் வைத்து, மூன்று மணி நேரம், நிஜத் தேர்வு போலவே எழுதுங்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், அதில் சோர்வைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது. தப்பான கேள்விகளை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்: படிக்கவே இல்லாதது, படித்தும் மறந்தது, தெரிந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்காமல் விட்டது. 'பொருந்தாததைத் தேர்ந்தெடு' என்பதைப் 'பொருந்துவதை' என்று வாசித்துவிட்டு விட்ட கேள்வி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். மூன்றாவது வகைக்கு ஒரு பக்கம்கூடப் புதிதாகப் படிக்கத் தேவையில்லை, அது உடனே கையில் கிடைக்கக்கூடிய மதிப்பெண். இரண்டாவது வகைக்கு வெள்ளைத் தாள் முறை. முதல் வகையில் எல்லாவற்றையும் துரத்தாதீர்கள். 2025 ஜூலையில் நடந்த தேர்வில் பொதுத்தமிழ் கடினமாக இருந்தது என்று பலரும் சொன்னார்கள், அப்படிப்பட்ட வினாத்தாளில் சில கேள்விகள் யாருக்குமே தெரியாது, அது உங்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. ஆனால் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால் அந்தப் பக்கம் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை வாராவாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன யோசனை. எத்தனை மணி நேரம் படித்தேன் என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். மூடிய புத்தகத்திலிருந்து எத்தனை பாடம் எழுதினேன் என்பதை எழுதுங்கள்.

போன்

மோட்டிவேஷன் வீடியோ பார்ப்பதை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். பார்த்து முடித்தவுடன் வருகிற சூடு உண்மைதான், ஆனால் அது வேலை செய்து முடித்தது போன்ற திருப்தியைக் கொடுத்துவிடுகிறது, புத்தகம் மேசையிலேயே இருக்கிறது. டெலிகிராம் குரூப்பில் கட் ஆஃப் எவ்வளவு வரும், இடங்கள் கூடுமா, தேர்வு தள்ளிப்போகுமா என்று நள்ளிரவு வரைக்கும் ஓடும் பேச்சும் இதே வகைதான். அதில் எதுவும் உங்கள் கையில் இல்லை. தேர்வாணையம் வருடாந்திர அட்டவணையைத் தன் இணையதளத்திலேயே போடுகிறது, வாரத்துக்கு ஒருமுறை அங்கே போய்ப் பார்த்தால் போதும். அமைதியாக ஆன்சர் கீயும் பிடிஎஃபும் மட்டும் வருகிற ஒரு குரூப்பை வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

வீடும் ஆட்களும்

'இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா?' கல்யாண வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் யாரும் இல்லை, அதனால்தான் பலர் விசேஷங்களுக்கே போவதில்லை. போங்கள். 'ஆமா சித்தப்பா, அடுத்த தேர்வு எழுதப்போறேன், தம்பி எப்படி இருக்கான்?' என்று பேச்சைத் திருப்பிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆட்களை விட்டு விலக விலகத்தான் மனசு இன்னும் கீழே போகிறது.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இது வேறு மாதிரி. நாள் முழுக்க வீட்டில்தானே இருக்கிறாள் என்று பாத்திரம், துணி, பால் வாங்குவது, அண்ணன் குழந்தையைப் பார்ப்பது எல்லாம் அவர்கள் தலையில். நடுவில் வரன் பார்க்கும் பேச்சு. இதில் ஊக்கம் போவதற்குத் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை. நாள் முழுக்கப் படிக்க விடுங்கள் என்று கேட்டால் சண்டைதான் வரும், அளவாகக் கேளுங்கள்: 'அம்மா, காலைல ஆறுலேருந்து எட்டு வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க, எட்டு மணிக்கு மேல எந்த வேலை சொன்னாலும் செய்றேன்.' இரண்டு வாரம் இதை நீங்களும் மீறாமல் இருந்தால் வீடும் பெரும்பாலும் பழகிவிடும். ஒத்துவராத வீடும் உண்டு, அங்கே இருப்பவர்கள் வெளியே இடம் தேடிக்கொள்வது நல்லது.

வெளியே இடம் இருக்கிறது, பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடக்கிறது, மாதிரித் தேர்வும் வைக்கிறார்கள். பல ஊர்களில் நகராட்சி, மாநகராட்சிகள் கட்டிய அறிவுசார் மையங்கள் இருக்கின்றன. சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். உங்கள் ஊர்க் கிளை நூலகமும் போதும். தனியாக வீட்டில் படுத்துக்கொண்டு படிப்பதற்கும், பத்துப் பேர் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருக்கிற மேசையில் உட்காருவதற்கும் நிறைய வித்தியாசம். அங்கே ஒரே ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், தினமும் ஒருவரை ஒருவர் பத்துக் கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கூடப் படித்தவர் பாஸ் ஆகி இளநிலை உதவியாளராகப் போய்விட்டார், நீங்கள் இங்கேயே இருக்கிறீர்கள் என்றால் வலிக்கத்தான் செய்யும், அந்த வலியில் அவருடைய நம்பரை எடுக்காமல் விடாதீர்கள். கடைசி மூன்று மாதம் எதை விட்டார், எதைப் பிடித்தார் என்று கேளுங்கள், எந்தக் கோச்சிங் சென்டரும் சொல்லாத விஷயம் அவரிடம் இருக்கும்.

பணமும் எல்லையும்

கையில் காசே இல்லாமல், செல்போன் ரீசார்ஜுக்கு அப்பாவிடம் நிற்கும்போது எந்த ஊக்கமும் நிற்காது. பாதி நாள் வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பதை நான் தயங்காமல் சொல்வேன், டியூஷன் எடுங்கள், கணக்கு எழுதும் வேலை பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தால் ஆறு முதல் பத்து வரையிலான அதே பாடங்கள் தானாகவே ரிவிஷன் ஆகும். தட்டச்சு படிக்காதவர்கள் சேருங்கள். லோயர், ஹயர் தேர்வுகளைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது, முடித்திருந்தால் தட்டச்சர் பணியிடத்துக்கும் போட்டியிடலாம், அந்தக் கட் ஆஃப் பொதுவாக இளநிலை உதவியாளரைவிடக் குறைவு. தினமும் வேகம் கூடுவது கண்ணுக்குத் தெரிகிற படிப்பு என்பதால் மனசுக்கும் நல்லது.

முடிவில்லாமல் படிக்கிறோம் என்ற பயம்தான் பலரை உள்ளுக்குள் அரிக்கிறது. அதனால் எல்லையை நீங்களே வையுங்கள், அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசி, இன்னும் இரண்டு தேர்வு, அல்லது இன்ன மாதம் வரைக்கும் என்று. அதுவரைக்கும் அவர்கள் கேள்வி கேட்கக்கூடாது, அதற்குப் பிறகு நீங்கள் வேறு வழி பார்க்க வேண்டும். அந்த வேறு வழியையும் இப்போதே யோசித்துவையுங்கள், கடைசி நாளில் யோசித்தால் பயத்தில்தான் முடிவெடுப்பீர்கள். காவலர் வேலைக்கான சீருடைப் பணியாளர் தேர்வு இருக்கிறது, ரயில்வே இருக்கிறது, மத்திய அரசு அலுவலகங்களின் கடைநிலைப் பணிகளுக்கு எஸ்எஸ்சி நடத்தும் எம்டிஎஸ் தேர்வை இப்போது தமிழிலும் எழுதலாம். இதுவரை போட்ட கணக்கும் படித்த வரலாறும் அறிவியலும் அங்கே அப்படியே உதவும், ரீசனிங் கூடுதலாக வரும், எம்டிஎஸ்ஸில் ஆங்கிலப் பகுதியும் உண்டு, அவற்றுக்குத் தனியாக இரண்டு மூன்று மாதம் ஒதுக்க வேண்டியிருக்கும்.